நேராக முறிந்த கிளை

எந்தத் தராசைக் காட்டினாலும் அதன் தட்டுக்கு அடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்பது முத்திரையம்மாவின் கட்சி. தடவிப் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால் கடைக்காரன் கெட்டிக்காரன் என்று அர்த்தம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்தவள் வேறு எப்படி நினைப்பாள்? வயிற்றைக் குடைந்து மெழுகால் அடைத்த எடைக்கற்கள், தட்டின் அடியில் காந்தம், கட்டைவிரலால் நைசாக ஓர் அழுத்து என்று மனுஷப் புத்தியின் அத்தனை கோணலையும் கிட்டத்தில் நின்று பார்த்தவள். ஒழுங்காக இருக்கிற தராசுக்குக் கம்பி கோத்து, கம்பி முனையில் ஈயக் குண்டை வைத்து, இடுக்கியால் நசுக்கி முத்திரை பதிப்பது அவள் வேலை. முத்திரையம்மா என்பது கடைவீதி வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது.

அந்தக் கண்ணை அவள் ஆபீஸில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததே இல்லை. மகள் பிறந்தபோது, பிரசவ வலி அடங்கிய கையோடு, குழந்தையின் எடையைச் சொன்ன நர்ஸைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தராசுக்குக் கடைசியா எப்ப முத்திரை வெச்சாங்க?" என்பதுதான். புருஷன் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். அவர் ஆசையாக ஒரு கூடைப் பழம் வரைந்து மாட்டினால், "இடது பக்கம் ஏன் இப்படித் தாழ்ந்திருக்கு?" என்பாள். பாவம், அவர் சட்டத்தைக் கொஞ்சம் தூக்கி மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஓய்வு பெற்ற அன்று இடுக்கியை ஆபீஸில் ஒப்படைத்தாள். சந்தேகத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாப்பிள்ளையோ, குறை சொல்ல ஒன்றும் இல்லாத மனிதர். வெயிலில் மின்சாரம் எடுக்கிற தகடுகளை வீட்டு மாடிகளில் பொருத்தித் தரும் கடையில் வேலை. குடி கிடையாது, சத்தம் கிடையாது, போட்ட செருப்பைக்கூட ஜோடியாக வைத்துவிட்டுத்தான் நடப்பார். மகளும் அவரும் மாடியில், முத்திரையம்மாவும் வாத்தியாரும் கீழே. இத்தனை வருடத்தில் ஒரு குறை அகப்படவில்லை என்பதே அவளுக்கு மூக்கில் வியர்க்க வைத்த விஷயம். ஆனால் மாப்பிள்ளையிடம் வெடுக்கென்று எதையும் கேட்டுவிட முடியுமா? "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்று வாய் இனித்துக்கொண்டிருக்கும். கண் மட்டும் தட்டுக்கு அடியில் தடவிக்கொண்டிருக்கும்.

அவர் இந்த வீட்டில் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசல் பக்கத்து மாமரத்தின் பெரிய கிளை ஒன்று, வெளிப்புற மாடிப்படிக்கு மேலாக நீண்டு, மொட்டைமாடிவரை போயிருந்தது. அதன் நிழல் அவர் மாடியில் பொருத்தியிருந்த தகடுகள்மேல் பாதி நாள் விழுந்தது. "அத்தை, அந்த ஒரு கிளையை மட்டும் கழிச்சுட்டா நல்லா வெயில் விழும்" என்று ஒரு தடவை கேட்டார். காய்க்கிற கிளை என்று அவள் மறுத்துவிட்டாள். கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் மறுத்தாள். "சரிங்க அத்தை" என்று சிரித்துவிட்டுப் படியேறிப் போனார். அந்தச் சிரிப்பை அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

புயல் வந்தது. கரண்டு போய், ஜன்னல்கள் அடித்துக்கொண்டு, ஓர் இரவு முழுவதும் வீட்டைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனது. விடிந்ததும் முத்திரையம்மா கதவைத் திறந்தாள். வாசல் முழுக்க இலையும் பிஞ்சும். கேட்டை ஒட்டிய சின்னக் கிளை ஒன்று நார் நாராகக் கிழிந்து தொங்கியது. பெரிய கிளையோ அடியோடு முறிந்து, அடிமுனை பூச்செடிச் சேற்றில் குத்தி நிற்க, தலைப்பக்கம் மாடிப்படியின் கைப்பிடிமேல் சாய்ந்து கிடந்தது. மாமரத்தில் இத்தனை கிளை இருக்க, போனது அந்தக் கிளை.

மாப்பிள்ளை அதற்குள்ளே படியின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மரத்தோடு மிச்சமிருந்த குட்டைக் கட்டை அந்தப் படிக்கு நேர் எதிரே இருந்தது. கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் திடுக்கிட்டு, கிளைக்கு அடியில் குனிந்து குடுகுடுவென்று இறங்கி வந்தார்.

"நீங்க கிட்டப் போகாதீங்க அத்தை. இன்னைக்கே நான் எல்லாத்தையும் வெட்டிப் போட்டுடறேன். அந்தக் கட்டையையும் சேத்து."

"எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு அவசரம்? மழை விடட்டும்."

"இல்லைங்க அத்தை, படி அடைச்சிருக்கு. அதான்."

முத்திரையம்மா மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். கேட்டுப் பக்கத்துக் கிளை பழந்துணி கிழிந்த மாதிரி கிழிந்திருந்தது. காற்றின் கைவேலை அப்படித்தான் இருக்கும். இந்தக் கட்டையின் முகமோ, நடுவில் கொஞ்சம் சிலும்பியிருந்ததைத் தவிர, ஓரம் முழுக்க ஒரே நேர்கோடு. கோடு போட்டு வைத்த மாதிரி. கறுப்பாக ஒரு தடம் வேறு சுற்றி ஓடியது. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. எடைக்கல் குடைந்த கடையில் கால் வைத்ததுமே வருகிற சூடு அது.

உள்ளே வந்து, பல் துலக்கிக்கொண்டிருந்த வாத்தியாரைப் பிடித்தாள்.

"என்னங்க, கிளை தானா முறிஞ்சா நேர்கோடா முறியுமா?"

"புயல் என்ன ஸ்கேல் வெச்சா முறிக்கும்?" என்றார் அவர் நுரையோடு.

"அதான் நானும் கேக்கறேன்."

வாத்தியாருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, "இதை மாடியில போய்ப் பேசிடாதே" என்றார். "அவன் நல்ல பையன்."

"நல்ல பையன்னு யாரு முத்திரை வெச்சா?"

அன்றிலிருந்து வீட்டில் விசாரணை ஆரம்பமானது. முத்திரையம்மாவின் முதல் உத்தரவு, கிளையை யாரும் தொடக்கூடாது. மரம் வெட்டுகிறவர் வந்து பார்த்துச் சொல்லட்டும், கண்டபடி வெட்டினால் மரம் பட்டுப்போய்விடும் என்று வெளியே சொல்லிக்கொண்டாள். சேற்றில் குத்தியிருந்த அடிமுனையைச் சுற்றித் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டினாள். சாட்சி நனையக்கூடாதல்லவா. மாடிக்குப் போகிறவர்கள் கிளைக்கு அடியில் முதுகை வளைத்து, தலைமுடியில் இலை மாட்டிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். மகள் மருந்துக்கடை வேலைக்குப் போகும்போது துப்பட்டா கிழிந்தது. முத்திரையம்மாவின் முழங்கால் அந்த அளவுக்கு மடங்காது. அதனால் படியில் ஏறிக் கட்டையைக் கிட்டத்தில் பார்க்க அவளால் முடியவில்லை. கீழே நின்று, வாத்தியாரின் தூரப்பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்ட மாதிரி பார்த்தாள். கோடு இன்னும் நேராகத்தான் தெரிந்தது.

மரம் வெட்டுகிறவர் மெஷின் ரம்பத்தை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவழியாக வந்து சேர்ந்தார். புயலுக்குப் பிறகு அவருக்கு இருந்த கிராக்கி மந்திரிக்குக்கூட இருந்திருக்காது. வண்டியை விட்டு இறங்காமலே மேலே பார்த்தார்.

"இது வெட்டுன மாதிரி இருக்கேம்மா. தானா முறிஞ்சது இப்படி இருக்காதே" என்று போகிற போக்கில் சொன்னார். அடுத்த மூச்சிலேயே, "கட்டையை விக்கற மாதிரி இருந்தா என்கிட்டயே சொல்லுங்க. அடுத்த வாரம் வரேன்" என்று வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

கட்டையைப் பற்றிக் கேட்டதால் அந்த ஆள்மேலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அவர் சொன்ன முதல் வாக்கியத்தை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சந்தேகப்படுகிறவர்களுக்கே உள்ள வசதி அது. யாரையும் நம்ப மாட்டார்கள், தங்களுக்குத் தோதாகப் பேசுகிறவனைத் தவிர.

மறுநாள் மாப்பிள்ளை வேலைக்குப் போனதும், துணி துவைக்கிற இடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் போனாள். அவருடைய கருவிப் பெட்டி அங்கேதான் இருந்தது. திருப்புளிகள் சைஸ் வாரியாகப் படுத்திருந்தன. அடியில் ஒரு கை ரம்பம். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பற்கள் பளபளவென்று, எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது. புயலுக்கு முன்னால் எண்ணெய் போட்டாரா, பின்னால் போட்டாரா? பற்களின் இடுக்கில் நகத்தை விட்டு நோண்டி, வந்ததை மோந்து பார்த்தாள். மாம்பால் வாசனை இல்லை. துடைத்தவருக்குத் துடைக்கத் தெரிந்திருக்கிறது.

"அம்மா."

மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். மதியச் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போனவள், எடுக்க வந்திருக்கிறாள். தாயின் கையில் ரம்பம், மூக்கின் நுனியில் நகம். இதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

"துரு பிடிச்சிருக்கான்னு பாத்தேன்" என்றாள் முத்திரையம்மா.

"எல்லாம் தெரியும். அப்பா மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. நேத்து நாங்க கீழே கொண்டுவந்து வெச்ச குப்பைக்கூடையைக்கூட நீ நோண்டியிருக்கே. அவர்தான் கிளையை அறுத்தார்னு நெனைக்கறியா?"

"நான் யாரையும் சொல்லல. மரம் வெட்டுறவரே சொல்றாரு. ரெண்டு தடவை வெட்டக் கேட்டவர் யாரு? விடியறதுக்குள்ள படியில போய் நின்னவர் யாரு? இன்னைக்கே வெட்டிடறேன்னு குதிச்சவர் யாரு?"

"புயல் ராத்திரி அவர் மரத்துல தொங்கிக்கிட்டு அறுத்தாரா?"

"முன்னாடியே பாதி அறுத்து வெச்சிருக்கலாம். மிச்சத்தைக் காத்து பாத்துக்கும்."

மகள் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "சின்ன வயசுல என் பென்சில் டப்பாவைத் தினம் திறந்து பாப்பே. அது உன் வேலைப் புத்தின்னு விட்டுட்டேன். அவர் பெட்டியையும் திறந்துட்டே. போதும்மா. மருந்துக்கடைக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்கு. ஞாயித்துக்கிழமை போயிடறோம்." சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

முத்திரையம்மா ரம்பத்தைப் பெட்டியின் அடியில் திரும்ப வைத்தாள். ஒரே பெண். மாடியில் அவள் நடக்கிற சத்தம் கேட்டால்தான் காலையில் காபியே இறங்கும். அவள் போய்விட்டால் கீழே தானும் வாத்தியாரும், சுவரில் சரிந்த பழக்கூடைகளும்தான். ஆனால் பயம் வந்த வேகத்தில் பிடிவாதமும் வந்தது. நிரூபித்துவிட்டால் மகள் யார் பக்கம் நிற்பாள்? கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினால், தன் கண் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கே புரியாதா? அப்புறம் மாப்பிள்ளையை மன்னித்துவிடலாம். பெருந்தன்மையாக மன்னிப்பதற்கு என்னென்ன வார்த்தை பேசுவது என்றுகூட அவள் யோசித்து வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பகலில் வீட்டில் யாரும் இல்லை. வாத்தியாரை மளிகைக்கு அனுப்பிவிட்டு, சேற்றில் கிடந்த அடிமுனையின் தார்ப்பாயை அவிழ்த்தாள். முகத்தை ஒட்டி ஒரு வட்டம் அறுத்தெடுத்து வைத்துக்கொண்டால் போதும், ரம்பம் பட்ட இடம் தனியாகத் தெரிந்துவிடும் என்பது திட்டம். கிளையின் அந்த இடத்தில் பட்டை உதடு தடித்த மாதிரி சுற்றிலும் உப்பியிருந்தது. அந்த உப்பலிலேயே ரம்பத்தை வைத்து இழுத்தாள். மாப்பிள்ளையின் ரம்பம்தான். நன்றாக வெட்டியது. கொஞ்ச தூரம் போனதும் கிறீச்சென்று ஒரு சத்தம். பல் கூசியது. இன்னொரு தடவை இழுத்தாள். மறுபடியும் கிறீச். மரத்துக்குள் ஏது இரும்பு?

திருப்புளியால் பட்டையைப் பிளந்து பார்த்தாள். உள்ளே துருவேறிய கம்பி ஒன்று, கழுத்தில் சுருக்கு விழுந்த மாதிரி கிளையைச் சுற்றிக்கொண்டு மரத்துக்குள்ளேயே புதைந்திருந்தது. கம்பி இறுகிய இடத்தில் மரம் வளராமல் கறுத்து, செத்துக் கிடந்தது. நேர்கோடு அங்கேதான் ஓடியது. பிளவுக்குள் இன்னும் நோண்டியபோது, சாம்பல் நிறத்தில் ஒரு குண்டு சேற்றில் விழுந்தது. எடுத்து முந்தானையில் துடைத்தாள். நசுங்கிய ஈயம். அதன் முகத்தில் அவளுடைய முத்திரை எண்.

அந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் எல்லாம் ஞாபகம் வந்தது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்தது.

மகளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் மாடியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாடகைக்கு இருந்தார்கள். படியிலிருந்து அந்தக் கிளையில் தொற்றி ஏறி மாங்காய் பறிக்கிறார்கள் என்று முத்திரையம்மாவுக்குச் சந்தேகம். பார்த்ததில்லை, ஆனால் சந்தேகம். ஒரு நாள் முள் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து, கிளை தொடங்குகிற இடத்தில் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். உலகத்தில் எல்லோரும் செய்வது அதுவரைதான். முள்ளை அவிழ்த்துவிட்டு, பறித்த பிறகு பழையபடி கட்டிவிட்டால்? அதனால் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் கம்பிக்கு முத்திரை வைத்தாள். ஒரு முத்திரையை ஏமாற்றிவிடலாம் என்பதால் இரண்டு பக்கமும் இரண்டு. குடியிருந்தவர்கள் அடுத்த வருடமே காலி செய்துகொண்டு போனார்கள். முள் மட்கி உதிர்ந்தது. கம்பியை யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கக்கூடாது என்றுதானே வைத்தது. மரம் வளர்ந்து கம்பியை விழுங்கியது. கம்பி உள்ளே இருந்துகொண்டு கிளையின் கழுத்தை நெரித்தது.

முத்திரையம்மா நாலாபக்கமும் பார்த்தாள். கேட்டில் யாரும் இல்லை. மாடி ஜன்னல் மூடியிருந்தது. ஈயக் குண்டை இடுப்பில் செருகிக்கொண்டாள், கம்பியைப் பிடுங்கித் தார்ப்பாயோடு சுருட்டி மறைத்தாள், அறுத்த இடத்தில் கை நிறையச் சேற்றை அள்ளி அப்பினாள். சேறு அப்பும்போதுதான் நெஞ்சில் சுருக்கென்றது. எத்தனை கடைகளில் இந்தக் கையசைவைப் பார்த்திருக்கிறாள்! இன்ஸ்பெக்டர் வருவதற்குள் கல்லை மாற்றுகிற கை. இப்போது அது தன் மணிக்கட்டில் முளைத்திருந்தது.

அதற்குப் பிறகு சந்தேகம் நிற்கவில்லை, திசை மட்டும் திரும்பியது. வாத்தியார், "கையெல்லாம் ஏன் சேறு?" என்று கேட்டால், இவருக்குத் தெரிந்துவிட்டதோ? மகள் சோற்றைப் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போனால், ஜன்னல் இடுக்கில் பார்த்திருப்பாளோ? மாப்பிள்ளை வழக்கம்போல "சாப்பிட்டீங்களா அத்தை?" என்றார். அந்தக் கேள்வியை அவள் திருப்பித் திருப்பி, அடியைத் தடவிப் பார்த்தாள். மாடியில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் பர்பர்ரென்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வாய்ச்சொல்லில் அந்தச் சத்தத்தை நிறுத்தலாம். 'நான்தான்' என்றால் போதும். வாய் வரைக்கும் வரும். மென்று முழுங்குவாள். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் ஊரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள், அரசாங்க முத்திரையை மாமரத்துக்கு வைத்தேன் என்று சொன்னால் ஊர் சிரிக்காதா? மகள் போனால் போகட்டும், பக்கத்தில்தானே இருக்கப் போகிறாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு காலை மாப்பிள்ளை கடை நண்பரிடமிருந்து மெஷின் ரம்பம் வாங்கி வந்துவிட்டார். "சாமான் இறக்கணும்ல அத்தை, படியை விடுவிச்சாத்தான் முடியும்" என்றார், மரியாதை குறையாமல். படியில் சாய்ந்திருந்த தலைப்பக்கத்தைத் துண்டு துண்டாக அறுத்துத் தள்ளினார். மரத்தூள் பறந்தது. படி விடுபட்டது. பிறகு ஏணியை மாமரத்தில் சாத்தினார்.

"அது எதுக்கு மாப்பிள்ளை?" முத்திரையம்மாவின் குரல் கீச்சென்று வந்தது.

"கட்டையை இப்படியே விட்டா தண்ணி இறங்கி அழுகிடும். போறதுக்குள்ள அதையும் அறுத்துடறேன்."

ஏணியில் ஏறி, கட்டைக்கு நேராக நின்று, கயிற்றை இழுத்தார். மெஷின் உறுமியது. கிளை முறிந்தபோது அறுந்த கம்பியின் மறுபாதி, இன்னொரு முத்திரையோடு அந்தக் கட்டைக்குள்தான் இருக்கிறது. கை ரம்பமே கிறீச்சிட்டது. இந்த வேகத்தில் சுற்றுகிற சங்கிலி கம்பியில் பட்டால் அறுந்து எங்கே பாயும்? முகத்திலா, கழுத்திலா? முத்திரையம்மா செருப்பில்லாமல் ஓடினாள்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை! நிறுத்துங்க! உள்ள கம்பி இருக்கு!"

மெஷின் அடங்கியது. வாத்தியார் பேப்பரோடு வாசலுக்கு வந்தார். மாடி ஜன்னல் திறந்து மகளின் தலை தெரிந்தது.

"நான்தான் கட்டினேன்" என்றாள் முத்திரையம்மா, மூச்சு வாங்க. "முள்ளு கட்டினேன். அந்தக் கம்பிதான் கிளையை முறிச்சுது. வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் பண்ணல மாப்பிள்ளை."

மாப்பிள்ளை ஏணியிலிருந்து குனிந்து அவளைப் பார்த்தார். ஆச்சரியப்பட்ட முகமாக இல்லை.

"முதல் நாளே எனக்குத் தெரியும் அத்தை. இதோ, இங்க ஒரு முத்திரை பல்லை இளிச்சுக்கிட்டு இருக்கு. மரத்துக்கு முத்திரை வைக்கற ஆளு உலகத்துல வேற யாரு இருக்காங்க? நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுவீங்க, அதுக்குள்ள அறுத்துப் போட்டுடலாம்னுதான் அன்னைக்கு அவசரப்பட்டேன்." நெற்றியில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்தார். "அப்புறம் நீங்க என் பெட்டியைத் திறந்தீங்க. இவ வந்து சொன்னா. அதுக்கப்புறம், நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நான் இப்ப அறுக்கப் போனதும் கம்பிக்கு ஒரு ஜாண் கீழதான், சங்கிலி அதுல பட்டிருக்காது."

எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்த முத்திரையம்மாவை, ஒருவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, கால் விரல்வரை வந்தது.

"ஒண்ணு கேக்கறேன் அத்தை" என்றார் அவர். "எனக்கு அடிபடாதுன்னு தெரிஞ்சிருந்தா, இதைச் சொல்லியிருப்பீங்களா?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். ஏதாவது நல்லபடியாகச் சொல்லேன் என்று அதற்கு அர்த்தம். ஜன்னலில் மகள் அசையவில்லை. சொல்லியிருப்பேன் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எவ்வளவு சுலபமான வார்த்தை.

"மாட்டேன் மாப்பிள்ளை" என்றாள் முத்திரையம்மா. "சொல்லியிருக்க மாட்டேன். நீங்க வீட்டை விட்டுப் போனாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

மாப்பிள்ளை ரம்பத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"இதை நம்பறேன் அத்தை" என்றார். "ஏணி கொஞ்சம் ஆடுது. பிடிச்சுக்கறீங்களா?"

அவள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தாள். அவர் இன்னும் ஒரு படி மேலே ஏறி, மெஷினைக் கட்டைமேல் வைத்தார்; கயிற்றை இழுப்பதற்கு முன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அமைதியில் மாடி ஜன்னலிலிருந்து மகள் யாரிடமோ போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது. "ஆமாங்க, வீடு கேட்டவங்கதான். இல்லைங்க, இன்னைக்கு வரல. சாமானெல்லாம் இருக்கட்டும். இப்போதைக்கு வரல."

இப்போதைக்கு என்றால் என்ன அர்த்தம், எதுவரைக்கும் என்று கேட்கத் துடித்த நாக்கை முத்திரையம்மா கடித்துக்கொண்டாள். மெஷின் உறுமியது. ஏணி அதிர்ந்தது. தலையில் கொட்டிய மரத்தூளைத் தட்டிவிடக்கூடக் கையை எடுக்காமல், அவள் பிடித்தபடியே நின்றாள்.